ஆடி வெயிலில் சீனா: கேச்சியாவ் முதல் சுவான்ஜோ வரை

ஜூலை 5, கேச்சியாவ்

பிளம் மழை ஒருவழியாக ஓய்ந்தது. ஜூன் பாதியில் பிடித்தால் ஜூலை வரை நசநசவென்று பெய்கிற மழைக்கு இங்கே அந்தப் பெயர், பிளம் பழுக்கிற காலம் என்பதால். துணி காயாது, சுவரில் பூஞ்சை பூக்கும், டப்பாவுக்குள் இருக்கிற ரவை கட்டி கட்டியாகிவிடும். மழை விட்டதும் வெயில் நேராக 38 டிகிரி. பவானியில் வளர்ந்தவளுக்கு 38 எல்லாம் ஒரு வெயிலா என்று ஊரில் இருந்து போன் போட்டுக் கேட்கிறார்கள். அங்கே வியர்த்தால் காய்ந்துவிடும், இங்கே காயாது. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அது பெரிய வித்தியாசம்.

இந்தக் கோடையில் ஊருக்குப் போகவில்லை. இவருக்குத் திருப்பூர்க்காரர்களுக்குத் துணி பார்த்து வாங்கி அனுப்புகிற வேலை, ஆகஸ்ட் கடைசி வரை நகர முடியாது. கிடைக்கிற லீவில் இங்கேயே சுற்றலாம் என்று முடிவு. போகிற இடங்களையும், போகாத நாட்களில் வீட்டில் நடப்பதையும் அவ்வப்போது எழுதிப் போடுகிறேன்.

கேச்சியாவ் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: ஹாங்ஜோவுக்குப் பக்கத்தில் ஷாவ்ஷிங் நகரம், அதன் ஒரு பகுதி இது. துணி வியாபாரத்தில் இல்லாதவர்களுக்கு இந்தப் பெயர் தெரிய வாய்ப்பில்லை, துணிக்காரர்களுக்கு இதைவிட்டால் வேறு ஊரே கிடையாது. கட்டடம் கட்டடமாக, மாடி மாடியாகக் கடைகள், ஒரு கடைக்கு ஒரு வகைத் துணி. கார்டுராய்க்காரர் கார்டுராய் மட்டும்தான் வைத்திருப்பார், ஷிஃபான் கேட்டால் கையை நீட்டி அடுத்த கட்டடத்தைக் காட்டுவார். வாசல் முழுக்க ஹேங்கரில் சாம்பிள் தொங்கும். தொட்டு, கசக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்கிற கணக்கு) கேட்டால், கால்குலேட்டரில் ஒரு விலையைத் தட்டி நம் பக்கம் திருப்புவார்கள். நாம் ஒன்றைத் தட்டி அவர்கள் பக்கம் திருப்ப வேண்டும். மாண்டரின் தெரியாமல் இந்தக் கால்குலேட்டரை மட்டும் வைத்துக்கொண்டு வருஷக் கணக்காகப் பிழைப்பு நடத்துகிற குஜராத்திக்காரர்கள் இருக்கிறார்கள்.

திருப்பூரில் பருத்தி, இங்கே பாலியஸ்டர். 2024இல் நம் அரசாங்கம் சில வகைச் செயற்கை இழைப் பின்னல் துணிகளுக்குக் கிலோவுக்கு 3.5 டாலர் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்ததில் இருந்து இவருடைய கணக்கெல்லாம் மாறிப் போனது. முன்பு பின்னல் துணியே பாதி வேலை. இப்போது நெய்த துணி, லேஸ், ஜிப், பட்டன் என்று உதிரிச் சாமான்கள் பக்கம் போய்விட்டார். அந்த ஜிப்தான் இந்த மாசக் கடைசியில் எங்களைத் தெற்கே ஃபூஜியன் மாகாணம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகப் போகிறது. அதை அப்புறம் சொல்கிறேன்.

ஜூலை 9, வீடு

"அங்கே என்னதான் சாப்பிடுறீங்க?" இதுதான் ஊரில் எல்லோருக்கும் முதல் கேள்வி, பாம்பா பல்லியா என்கிற மாதிரி. பாகற்காய், பீர்க்கங்காய், புடலங்காய்க்குப் பதில் சுரைக்காய், எல்லாம் சந்தையில் கிடைக்கிறது. கோடையில் சிவப்புத் தண்டுக்கீரை குவியலாக வரும். பூண்டு தட்டிப் போட்டு வதக்கினால் சோறெல்லாம் ரோஸ் நிறமாகிவிடும். கறிவேப்பிலை மட்டும் ஆன்லைனில், இட்லி அரிசிக்கு இங்கத்திய குண்டரிசி, சாம்பார்ப் பொடி ஊரில் இருந்து. கேச்சியாவில் இந்திய ஹோட்டல்கள் நிறைய உண்டு, ஆனால் பெரும்பாலும் நான் ரொட்டி, பன்னீருக்குத்தான் கிராக்கி. தோசை என்று ஒன்று தருவார்கள், அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

இன்றைக்கு எதிர் வீட்டம்மா கதவைத் தட்டினார். அறுபது வயதிருக்கும். சாயங்காலமானால் ஆற்றங்கரையில் ஸ்பீக்கர் வைத்து வரிசையாக ஆடுகிற பெண்கள் கூட்டத்தில் முன்வரிசை அவர்தான். கையில் ஒரு கிண்ணம், திறந்ததுமே ஒரு நாற்றம், சாக்கடை அடைப்பு எடுக்கிறார்களோ என்று நினைக்கிற அளவுக்கு. பார்த்தால் தண்டுக்கீரைத் தண்டு. ஆள் உயரத்துக்கு முற்ற விட்டு, இலையைக் கழித்துவிட்டு, கட்டைவிரல் கனத்துத் தண்டை மட்டும் விரல் நீளத்துக்கு வெட்டி, ஊற வைத்து, உப்புப் போட்டு ஜாடியில் புளிக்க விடுவார்களாம். ஷாவ்ஷிங் பக்கத்துக் கோடைச் சாப்பாடு இது. அந்த ஜாடித் தண்ணீரில்தான் டோஃபுவைப் போட்டு நாற வைப்பதும்.

அவர் சும்மா கொடுத்துவிட்டுப் போகிற ரகமில்லை. உள்ளே வந்து, எங்கள் குக்கர் சோற்றின் மேலேயே கிண்ணத்தை வைத்து ஆவியில் வேகவிட்டு, எப்படிச் சாப்பிடுவது என்று செய்து காட்டினார். முருங்கைக்காய் மாதிரிதான், வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும், உள்ளே இருக்கிற சதை கூழாக வந்துவிடும், சக்கையைத் துப்பிவிட வேண்டும். நாற்றம் மூக்கோடு சரி. நாக்கில் உப்பும் புளிப்பும், ஊறுகாய்ப் பானையின் அடியில் கிடக்கிற மாங்காய்த் துண்டின் ருசி. இவர் பால்கனிக்குப் போய்விட்டார். நான் அந்தக் கிண்ணத்தில் பாதியைக் காலி செய்தேன். பதிலுக்கு எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பியிருக்கிறேன், என்ன ஆகப் போகிறதோ.

ஜூலை 17, ஆடி 1

ஈரோடு, சேலம், கரூர்ப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இன்றைக்குத் தேங்காய் சுட வேண்டும். மற்றவர்களுக்கு: தேங்காய்க் கண்ணைத் துளைத்து, பாசிப்பருப்பு, எள், பொட்டுக்கடலை, அவல், வெல்லம் எல்லாம் உள்ளே போட்டு, குச்சி சொருகி, தீயில் வாட்டிச் சாமிக்குப் படைப்போம்.

முற்றிய தேங்காய் கிடைப்பதுதான் பாடு. இங்கே கடையில் இருப்பதெல்லாம் ஹைனான் தீவில் இருந்து வருகிற இளநீர். ஆன்லைனில் சொன்னதும் மறுநாளே வாசலில் இருந்தது, இந்த விஷயத்தில் சீனாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. வெல்லத்துக்குக் கட்டிக் கரும்புச் சர்க்கரை, குச்சிக்குச் சாப்பிடுகிற சாப்ஸ்டிக். பதினெட்டாவது மாடியில் விறகு மூட்ட முடியாது, கேஸ் அடுப்பில் இடுக்கியால் பிடித்துத் திருப்பித் திருப்பி வாட்டினோம். புகை அலாரம் அடிக்குமோ என்று இவர் ஸ்டூல் மேல் ஏறி நின்று அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தார். ஓடு வெடித்து மணம் வந்தபோது பவானி கூடுதுறையே கண் முன்னால் வந்தது என்று எழுத ஆசைதான், ஆனால் வந்தது கருகிய சாப்ஸ்டிக் வாசம். உள்ளே பூரணம் நன்றாகவே இருந்தது.

ஜூலை 22, ரயில்

ஷாவ்ஷிங் வடக்கு ஸ்டேஷனில் ஏறி, நிங்போ, வென்ஜோ, ஃபூஜோ வழியாகக் கடற்கரையோரமாகவே தெற்கே. கடற்கரையோரம் என்று பெயர்தான், பாதி நேரம் சுரங்கம். வெளிச்சம் வரும், ஒரு கழிமுகம், அதில் மூங்கில் நட்டு வலை கட்டியிருப்பது தெரியும், போனை எடுப்பதற்குள் மறுபடி இருட்டு. டிக்கெட் என்று காகிதம் கிடையாது, பாஸ்போர்ட்தான் டிக்கெட். உள்ளூர்க்காரர்கள் அடையாள அட்டையைத் தேய்த்துவிட்டு ஓடிக்கொண்டே இருப்பார்கள், நாங்கள் ஓரத்தில் ஆள் நிற்கிற வழியில் வரிசையில் நிற்போம். பெட்டிக்குப் பெட்டி கொதிநீர்க் குழாய் உண்டு, அதனால் ஊரே கப் நூடுல்ஸ். நாங்கள் புளிச்சோறு கட்டிக்கொண்டு போயிருந்தோம். பிரித்ததும் பக்கத்து சீட்டுப் பையன் மூக்கை உறிஞ்சினான். தண்டுக்கீரைக்குப் பதிலடி.

ஐந்து மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து சுவான்ஜோவில் இறங்கினால், பதிவு செய்து வைத்த ஹோட்டலில் இடமில்லை. அறை இருக்கிறது, எங்களுக்கு இல்லை. வெளிநாட்டவரைத் தங்க வைக்க மாட்டோம் என்றாள் கவுண்டரில் இருந்த பெண். அப்படித் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2024இலேயே அரசாங்கம் சொல்லியாகிவிட்டது, ஆனால் அந்தப் பெண்ணுக்கு பாஸ்போர்ட்டைக் கம்ப்யூட்டரில் எப்படி ஏற்றுவது என்று தெரியவில்லை, அதுதான் நிஜமான காரணம். வெளிநாட்டுக்காரர் எங்கே தங்கினாலும் போலீசில் பதிவாக வேண்டும். ஹோட்டலில் தங்கினால் அவர்களே செய்துவிடுவார்கள், வேறு வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நாமே பதிவு செய்ய வேண்டும். இவர் சண்டை போடத் தயாரானார். "ஏனுங்க, அந்தப் புள்ளை என்ன பண்ணும், வாங்க" என்று இழுத்துக்கொண்டு வந்தேன். இரண்டு தெரு தள்ளி இடம் கிடைத்தது, அறையும் பெரிசு.

ஜூலை 23, கையுவான் கோயில்

இவர் ஜின்ஜியாங்கில் ஜிப் ஃபேக்டரி பார்க்கப் போய்விட்டார். சுவான்ஜோவை ஒட்டிய அந்த ஊர் பூராவும் ஷூவும் ஸ்போர்ட்ஸ் துணியும்தான். நான் கோயிலுக்கு.

686இல் தொடங்கிய பௌத்தக் கோயில். உள்ளே இரண்டு பக்கமும் இரண்டு கல் கோபுரம், 13ஆம் நூற்றாண்டு, இரண்டுமே 40 மீட்டருக்கு மேல். எல்லோரும் அதைப் பிடித்துத்தான் போட்டோ எடுக்கிறார்கள். நான் தேடி வந்தது பெரிய மண்டபத்தின் பின்பக்கம். சுற்றிக்கொண்டு போய் நின்றால், வரிசைத் தூண்களுக்கு நடுவில் இரண்டு மட்டும் வேறு மாதிரி. பட்டை பட்டையாகச் செதுக்கி, நடுநடுவே வட்டத்துக்குள் சிற்பம். ஒன்றில் யானையின் காலை முதலை பிடித்திருக்கிறது, மேலே கருடன் மீது பெருமாள். இன்னொன்றில் நரசிம்மர் இரணியனை மடியில் போட்டுக் கிழிக்கிறார். அதே தூணில், அதே அளவு வட்டத்தில் சீனப் பாணிப் பூக்கள். நரசிம்மர் முகத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தேன், உக்கிரம் போதாது. செதுக்கியவர் சீனக் கல்தச்சராகத்தான் இருக்க வேண்டும், சொன்னதைச் செய்திருக்கிறார், ஆனால் அவர் கை பழகியது கோயில் வாசல் சிங்கம், அந்தச் சிரித்த மாதிரியான சிங்கம் இங்கேயும் கொஞ்சம் வந்துவிட்டது.

சுவான்ஜோ ஒரு காலத்தில் வெளிநாட்டு வியாபாரிகளின் துறைமுகம், நம் ஆட்களும் வந்து குடியிருந்து கோயில் வைத்திருக்கிறார்கள். இந்தத் தூண்கள் முதலில் இங்கே இருந்தவை அல்ல. இடிந்துபோன சிவன் கோயிலோ பெருமாள் கோயிலோ எதிலிருந்தோ வந்த கற்களை, மிங் வம்சத்து ஆட்சியில் மண்டபத்தைப் பழுது பார்த்தபோது எடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். மண்டபத்தின் முன்மேடை அடிப்பக்கம் வரிசையாக 73 கல் பலகை, மனித முகமும் சிங்க உடம்புமாக, அதுவும் அங்கிருந்து வந்ததே. பத்தி கொளுத்திக்கொண்டு ஜனம் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறது. காவலுக்கு உட்கார்ந்திருந்த பெரியவர் என்னைப் பார்த்ததும் "இந்தியாவா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் தூணைக் கையால் காட்டினார். என்னைப் போல ஆட்கள் நேராகப் பின்பக்கம் போவதைப் பார்த்துப் பழகியிருப்பார்.

கோயில் வளாகத்துக்குள்ளேயே ஒரு பழைய கப்பலும் இருக்கிறது, 1974இல் சேற்றில் இருந்து தோண்டி எடுத்தது. சோங் வம்சத்து ஆட்சியின் கடைசிக் காலம். அடித்தட்டு 13 அறையாகத் தடுக்கப்பட்டிருக்கிறது, ஓர் அறையில் ஓட்டை விழுந்தாலும் கப்பல் முழுகாது. உள்ளே கிடைத்த சரக்கு: வாசனைக் கட்டைகள், சோழி, மிளகு. மிளகைப் பார்த்தபோது இவரும் கூட இருந்திருக்கலாம் என்று பட்டது.

ஜூலை 24, கல் விஷயம்

கடல்சார் அருங்காட்சியகம். அரபிக் கல்லறைகள், சிலுவையோடு தாமரை செதுக்கிய கிறிஸ்தவக் கற்கள், ஓர் ஓரத்தில் நம்முடையவை. மரத்தடியில் லிங்கம், யானை தும்பிக்கையால் பூஜை செய்கிறது. திருவானைக்காவல் கதை தெரிந்த யாருக்கும் பலகையில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டியதில்லை.

இந்தக் கற்கள் நமக்குக் கிடைத்ததற்குக் காரணம் வூ வென்லியாங் என்கிற பள்ளிக்கூட ஆசிரியர். போன நூற்றாண்டில் சுவான்ஜோவின் பழைய மதில்களை இடித்தபோது உள்ளே இருந்து சிற்பக் கல்லாக வந்துகொண்டிருந்தது, கல்தச்சர்கள் அதை உடைத்து வேறு வேலைக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர் தேடித் தேடி வாங்கிச் சேர்த்து, 1957இல் புத்தகமும் போட்டார். பாடம் சொன்னது உயிரியல்.

சரி, அந்தக் கல்வெட்டுக்கு வருவோம், வாட்ஸாப்பில் வருஷத்துக்கு நாலு தடவையாவது வருகிறதே, "குப்ளாய் கான் தமிழனுக்குச் சீனாவில் கோயில் கட்டிக் கொடுத்தான்" என்று. குப்ளாய் கான் அப்போது சீனாவை ஆண்ட மங்கோலியச் சக்கரவர்த்தி. கல்வெட்டு உண்மை. தமிழில்தான் இருக்கிறது, அடியில் ஒரு வரி சீனம். சக ஆண்டு 1203, சித்திரை மாதம், அதாவது 1281. சம்பந்தப் பெருமாள் என்பவர், கானின் அனுமதி ஆணைப்படி, கானின் உடல் நலத்துக்காகத் திருக்கதலீஸ்வரம் உடைய நாயனாரை எழுந்தருளச் செய்தார் என்கிறது. கட்டியது கான் இல்லை. நம் ஆள்தான் செய்திருக்கிறார், கான் அனுமதிதான் கொடுத்திருக்கிறார். வந்த ஊரில் கோயில் வைக்க வேண்டும் என்றால் முதலில் ஆபீசில் காகிதம் வாங்கு, வாங்கினதும் மேலிடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுக் கல்லிலேயே எழுதி வை. வருஷா வருஷம் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கப் போகிறபோது இவர் இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு போகிறாரே, அந்தப் புத்திதான்.

எனக்கு இதில் பெருமை என்று பெரிதாக ஒன்றும் வரவில்லை, ராஜராஜன் காலத்துத் தூதுக்குழு 1015இல் சோங் அரசவைக்கு வந்ததைப் படிக்கிறபோதும் வருவதில்லை. தூதுவர்கள் வருவார்கள், போவார்கள். சம்பந்தப் பெருமாள் கோஷ்டி இங்கேயே இருந்தவர்கள். வாடகை யாருக்குக் கொடுத்தார்கள், புளிக்கு என்ன செய்தார்கள், ஆடிக்கு ஊர் ஞாபகம் வந்தால் யாரோடு பேசினார்கள், அதெல்லாம் எந்தக் கல்லிலும் இல்லை. 1357இல் தொடங்கி இங்கே வருஷக் கணக்கில் கலகம். அப்புறம் வந்த மிங் அரசு கடல் வியாபாரத்துக்கே தடை போட்டது. வெளிநாட்டு வியாபாரிகளின் துறைமுகம் அதோடு படுத்துவிட்டது. அந்தத் தமிழர்கள் திரும்பிப் போனார்களா, இங்கேயே கரைந்து போனார்களா? ராத்திரி இவரிடம் கேட்டேன். "கடைசி சரக்குக்குக் காசு வராம எப்படி அம்மிணி கிளம்பியிருப்பாங்க" என்றார்.

ஜூலை 25

புயல். மஞ்சள் எச்சரிக்கை மத்தியானம் ஆரஞ்சானது. ரயில் ரத்து, டிக்கெட் பணம் தானாகவே திரும்பி வந்துவிட்டது. கடையில் ரொட்டி இல்லை, நூடுல்ஸ் இல்லை, சிப்ஸ் மட்டும் இருக்கிறது. ஹோட்டல்காரர்கள் ஜன்னல் கண்ணாடிக்குக் குறுக்கே டேப் ஒட்டிவிட்டுப் போனார்கள். இவர் ஜிப் சாம்பிளை எல்லாம் கட்டில் மேல் பரப்பி, நூறு தடவை இழுத்து மூடிச் சோதனை செய்துகொண்டிருந்தார். அந்தச் சத்தத்தைவிடப் புயல் சத்தம் பரவாயில்லை.

ஜூலை 27, ஷுன்பு, லோயாங் பாலம்

வெயில் வந்துவிட்டது. ஷுன்பு என்கிற மீனவ கிராமம், இப்போது நகரத்தோடு ஒட்டிவிட்டது. இங்கத்துப் பெண்கள் கொண்டை போட்டு, நடுவில் ஒரு நீள ஊசி குத்தி, அதைச் சுற்றி வளையம் வளையமாகப் பூ வைப்பார்கள். 2023 வாக்கில் போன் வீடியோக்களில் பிரபலமாகி, இப்போது சீனா பூராவும் இருந்து பெண்கள் வந்து பூ வைத்துக்கொண்டு போட்டோ எடுக்கிறார்கள். தெருவுக்குத் தெரு பூ வைக்கிற கடை. பெரும்பாலும் பிளாஸ்டிக் பூ, தூரத்தில் இருந்து பார்த்தால் தெரியாது, கிட்டப் போனால் கண்ணை உறுத்தும். நான் நிஜப் பூ வேண்டும் என்று அடம்பிடித்துத் தேடினேன்.

வாசற்படியில் உட்கார்ந்து சிப்பி உடைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியின் தலையில் நிஜ மல்லிகை மொட்டு, நம் ஊர் மாதிரியே நெருக்கிக் கட்டியது. கையில் ஓர் இரும்புக் கொக்கி, ஓட்டின் இடுக்கில் ஒரு நெம்பு, ஒரு வழிப்பு, சதை கிண்ணத்தில், ஓடு கூடையில், கண் என் மேல். நான் என் பின்னலைத் திருப்பிக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய் ஒரு மொட்டு வளையத்தைக் கொண்டுவந்தார். கொண்டை இல்லாத தலையில் எப்படி நிற்க வைப்பது என்று அவருக்குப் புரியவில்லை. ஹேர்பின் வாங்கி, பின்னல் அடியில் வைத்து, நம் வழக்கப்படி நானே குத்திக்கொண்டேன். அவருக்குத் திருப்தி இல்லை. உச்சியில் வைக்க வேண்டியதைக் கழுத்தில் தொங்க விடுகிறாளே என்று பக்கத்து வீட்டைக் கூப்பிட்டுக் காட்டினார். காசு வாங்கவில்லை, ஒரு கிலோ சிப்பியை மட்டும் எங்கள் தலையில் கட்டினார். ஹோட்டல் அறையில் சிப்பியை வைத்துக்கொண்டு என்ன செய்வது, தெருமுனைக் கடையில் கொடுத்து முட்டை போட்டு வறுத்துத் தரச் சொன்னோம்.

பழைய வீடுகளின் சுவரே சிப்பி ஓடுதான், உள்ளங்கையை விடப் பெரிய ஓடுகளைச் சாய்த்துச் சாய்த்து அடுக்கியிருக்கிறார்கள். சரக்கு இறக்கிவிட்டுத் திரும்புகிற கப்பல்கள் பாரத்துக்காக ஏற்றி வந்த ஓடுகள் என்று சொல்கிறார்கள்.

சாயங்காலம் லோயாங் பாலம். 1053இல் தொடங்கி 1059இல் முடித்திருக்கிறார்கள், சாய் ஷியாங் என்கிற நகர அதிகாரியின் மேற்பார்வையில். ஆறு கடலில் கலக்கிற இடம், தினமும் ஓதம் ஏறி இறங்கும். கல்லைக் கொட்டி அடித்தளம் போட்டு, தூண்களைப் படகு மாதிரி முனை வைத்துக் கட்டி, அவற்றின் மேல் சிப்பியை வளர விட்டிருக்கிறார்கள். சிப்பி ஒட்டி ஒட்டி வளர்ந்து கற்களை ஒன்றோடு ஒன்று பிணைத்துவிடும், சிமெண்ட் வேலையை அது பார்த்துக்கொள்ளும். நாங்கள் போனபோது தண்ணீர் வற்றியிருந்தது, தூணடியில் இறங்கிப் பார்க்க முடிந்தது. இன்னமும் சிப்பி இருக்கிறது. இவர் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, "கெமிக்கல் செலவே இல்லை பாரு" என்றார். கிட்டத்தட்ட முக்கால் கிலோமீட்டர் நீளம், நடந்து போய் நடந்தே திரும்பினோம்.

ஜூலை 30, கேச்சியாவ்

வந்து சேர்ந்தாயிற்று. சம்பந்தப் பெருமாளின் கல்வெட்டு சியாமென் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, பக்கத்து ஊர்தான். ஆனால் வளாகத்துக்குள் போக முன்பதிவு வேண்டும், கோடை லீவில் இடமெல்லாம் நிரம்பிவிட்டது. போகிறவர்கள் முதலில் அதைப் பதிவு செய்துவிட்டு அப்புறம் ரயில் டிக்கெட் எடுங்கள். கையுவான் கோயிலுக்குக் காலையிலேயே போங்கள், மத்தியானம் கல்லில் கால் வைக்க முடியாது.

ஜிப் ஆர்டர் முடிந்தது, இவர் கேட்ட விலைக்கு அல்ல. எதிர் வீட்டம்மா ஊறுகாய் பாட்டிலைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார், எதில் தொட்டுச் சாப்பிட்டார் என்று கேட்டதற்குக் கஞ்சி என்றார், சரிதான். ஆகஸ்டில் ஒரு வாரம் லீவு கிடைத்தால் சிங்ஹாய் ஏரி. 3,200 மீட்டர் உயரம், ராத்திரி குளிருமாம். சுவெட்டர் எல்லாம் திருப்பூரில் பெட்டிக்குள் இருக்கிறது.